கேட்பதற்கென்று கட்டிய கூடம்: வுல்வெண்டால் தேவாலயமும் அதன் தளபாடங்களும்

இலங்கையிலுள்ள ஒல்லாந்தர் காலத் தேவாலயங்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் நிலத்தையே நோக்கியுள்ளனர். 1877 ஆம் ஆண்டில் லெப்போல்ட் லுடோவிசி வெளியிட்ட ‘லப்பிடாரியம் செய்லானிக்கும்’ என்னும் நூல் ஒல்லாந்தரின் தேவாலயங்களிலும் இடுகாடுகளிலும் கிடந்த கல்லறை வாசகங்களைத் தொகுத்துத் தந்தது. 1913 இல் ஜே. பி. லூயிஸ் இந்நாட்டிலுள்ள கல்லறைக் கற்களினதும் நினைவுச் சின்னங்களினதும் வாசகங்களை விரிவாகப் பட்டியலிட்டார். இரண்டும் பெருமுயற்சிகள், வரலாற்று மாணவர் எவரும் அவற்றைப் புறக்கணிக்க முடியாது. ஆயினும் இவற்றின் வழியே தேவாலயத்துள் நுழைபவர் குனிந்த தலை நிமிராமலே வெளியேறிவிடுவர். யார் எப்போது இறந்தார், அவரது குலச்சின்னத்தில் என்ன விலங்கு நிற்கிறது என்பவை தெரியவரும். அந்தக் கட்டடம் எதற்காக அவ்வடிவிற் கட்டப்பட்டது என்பது மட்டும் தெரியவராது.

கொழும்பிலே இக்குறையை நன்கு உணர்த்தக்கூடிய இடம் வுல்வெண்டால் தேவாலயமாகும். புறக்கோட்டையின் நெரிசலான கடைத்தெருக்களுக்கு அப்பால், கொட்டாஞ்சேனைப் பக்கமாக உயர்ந்து செல்லும் மேட்டிலே அது நிற்கின்றது. இன்று அதனைச் சுற்றிலும் வீடுகளும் களஞ்சியங்களும் பாரவண்டிகளும் நிறைந்துள்ளன. ஆனால் அது கட்டப்பட்ட காலத்தில் அவ்விடம் நகரன்று. நகர மதிலுக்கு வெளியே கிடந்த காட்டுப்புறம் அது. கொட்டாஞ்சேனை என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘சேனை’ காடு வெட்டிப் பயிர் செய்த நிலத்தை நினைவூட்டுவது. ‘வுல்வெண்டால்’ என்ற ஒல்லாந்தச் சொல்லுக்கோ ஓநாய்களின் பள்ளத்தாக்கு என்பது பொருள். இலங்கையில் ஓநாய் இல்லை, நரிதான் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் அம்மேட்டில் குவாதலூப்பே மாதாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் இருந்ததென்றும், அப்பெயரில் ஓநாயைக் குறிக்கும் சொல் ஒலிப்பதாகக் கொண்ட ஒல்லாந்தர் அதனைத் தம் மொழிக்கு மாற்றிக்கொண்டனரென்றும் பொதுவாக விளக்கம் கூறுவர். அவ்விளக்கம் சரியாயின் மாதாவின் பெயர் மறைந்து விலங்கின் பெயர் நிலைத்தது; முந்திய ஆலயத்திலிருந்து எஞ்சியது பிழையாகக் கேட்கப்பட்ட ஓர் ஒலி மட்டுமே. கேட்டலுக்கென எழுந்த கட்டடம் ஒன்றுக்குத் தவறாகக் கேட்டதனாற் பெயர் அமைந்தது விசித்திரமானதே.

தேசாதிபதி யூலியஸ் ஸ்டைன் வான் கொலெனெஸ் காலத்தில், 1749 இல், வேலை தொடங்கிற்று. எட்டு ஆண்டுகள் சென்றன. 1757 மார்ச் 6 ஆம் திகதி, தேசாதிபதி யோன் கீடியோன் லோட்டனின் முன்னிலையில், கொழும்புச் செமினரியின் அதிபராயிருந்த மத்தியாஸ் வேர்மெல்ஸ்கேர்கர் பிரதிட்டைப் பிரசங்கம் செய்து அதனைத் திறந்துவைத்தார். (லோட்டன் அதே மாதத்திலேயே இலங்கையை விட்டு நீங்கினார். அவர் உலகிற் பெயர் பெற்றது ஆட்சியாளராகவன்று. இந்நாட்டிற் பிறந்த பீட்டர் டி பெவெர் என்னும் ஓவியரைக் கொண்டு பறவைகளை வரைவித்தவராகவே அறியப்படுகிறார்.)

கட்டடத்தின் அமைப்பு எளியது. நான்கு கைகளும் ஏறக்குறையச் சம நீளமுள்ள கிரேக்கச் சிலுவை வடிவம். நடுவிலே மற்றைப் பகுதிகளுக்கு மேலாக உயர்ந்து நிற்கும் கூரை. சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிப் பருமன். பெரிய கபுக்கற்களால் எழுப்பிச் சுண்ணாம்பும் முருகைக்கல்லும் கொண்டு பூசப்பட்டவை. உள்ளே ஆயிரம் பேர் வரை கூடலாம். நடு வெளியிலே பார்வையை மறிக்கும் தூண்வரிசை இல்லை. தூண் வேண்டாம் என்பதற்காகவே சுவர் இத்துணைப் பருத்தது எனலாம். இக்கட்டடத்தின் முழுக் கருத்தும் அந்த வெற்று நடுவிடத்திற்றான் இருக்கின்றது. அதனை விளங்கிக்கொள்வதற்குக் கொழும்பை விட்டுச் சற்று விலகி, வேறொரு கடலிலுள்ள வேறொரு தீவின் பழைய நாட்டுப்புறத் தேவாலயங்களை நோக்குதல் பயன்தரும்.

பால்டிக் கடலிலுள்ள கொட்லாந்துத் தீவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடையில் பெரும்பாலும் கட்டி முடிக்கப்பட்ட கற்றேவாலயங்கள் தொண்ணூற்றுக்கு மேல் இன்றும் உள்ளன. அவை நகரத் தேவாலயங்கள் அல்ல. உழவர்களின் ஊர்க் கோயில்கள். அங்கு கட்டடம் மக்களை ஒரு திசையில் நடத்திச் செல்கின்றது. வாயிலுக்கருகே சிற்பம் செதுக்கிய ஞானஸ்நானத் தொட்டி. அதைக் கடந்தால் மக்கள் நிற்கும் நீண்ட கூடம். அதன் எல்லையில், வளைவின் மேலே, பாடுபட்ட சிலுவை. அதற்கப்பால் ஒடுங்கிய திருவறையிற் பலிபீடம். பிறந்த குழந்தை தொட்டியருகே உள்ளே வருகிறது; கூட்டம் பீடத்தை நோக்கி நிற்கின்றது. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. கோபுர வாயிலிலிருந்து கருவறை வரை இருள் செறிந்து செல்லும் நம் கோயிலின் ஒழுங்கும் காண்டலை நோக்கியதே. நாம் கோயிலுக்குத் ‘தரிசனம்’ செய்யப் போகிறோம் என்றுதான் சொல்கிறோம்.

சமயச் சீர்திருத்தம் கொட்லாந்துக்கும் வந்தது. ஆனால் அது லூதரின் வழியில் வந்தமையாற் பழைய தளபாடங்களைப் பெரிதும் விட்டுவைத்தது. பழைய தொட்டி இருந்த இடத்திலேயே இருக்க, பிற்காலத்துப் பிரசங்கபீடமும் இருக்கைகளும் அதனோடு வந்து சேர்ந்தன. ஆதலால் அத்தேவாலயங்களுள் ஒவ்வொரு நூற்றாண்டும் தன் பொருளை வைத்துவிட்டுப் போனதைக் காணமுடிகிறது. ஒல்லாந்திலோ கல்வினின் வழி வென்றது. அங்கு இடைக்காலத் தேவாலயங்களின் படிமங்கள் அகற்றப்பட்டன, பலிபீடம் போயிற்று, வண்ணச் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. திருவறை வெறுமையாகக் கிடக்க, நடுக்கூடத்தின் தூண் ஒன்றிலே பிரசங்கபீடத்தைப் பொருத்தி, அதைச் சுற்றி இருக்கைகளை நெருக்கி வைத்தனர். பீட்டர் சான்ரேடம் என்னும் ஓவியர் பதினேழாம் நூற்றாண்டில் வரைந்த வெள்ளை உட்புறங்களைக் கண்டோர் இதனை அறிவர்: காண்பதற்கென்று கட்டிய வீட்டிலே கேட்பதற்கென்று குடியேறியவர்களின் நிலை அது.

அவ்வாறு குடியேறியவர்கள் தமக்கெனப் புது வீடு கட்டத் தொடங்கியபோது எவ்வடிவத்தைத் தெரிந்தனர் என்பதே ஈண்டு முக்கியமாகின்றது. அம்ஸ்ரர்டாமில் 1623 இல் நிறைவுற்ற நோர்டர்கேர்க் கிரேக்கச் சிலுவை வடிவினது. நீண்ட கூடத்திற் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் குரல் எட்டாது. சம கைகளுடைய சிலுவையிலோ எவரும் நடுவிடத்துக்கு மிகத் தொலைவில் இல்லை. சிலுவை இங்கு ஒரு சின்னம் என்பதிலும் பார்க்க ஒரு செவிக் கணக்கு எனலே பொருத்தமாகும். யாழ்ப்பாணக் கோட்டையுள் 1706 இல் எழுந்த ‘குறூய்ஸ் கேர்க்’ என்னும் சிலுவைத் தேவாலயமும் அதன்பின் வந்த வுல்வெண்டாலும் இக்கணக்கின் வழி வந்தவையே. கொட்லாந்து உழவனின் கோயிலில் இருந்த திசை இங்கு இல்லை. முன், பின் என்ற நிலை குறைந்து, சுற்றி இருத்தல் என்ற நிலை மிகுந்தது.

எனவே இத்தேவாலயத்தின் தலையாய தளபாடம் பிரசங்கபீடமேயாகும். ஒல்லாந்தர் காலப் பிரசங்கபீடம் வெறும் மேடையன்று. படிகளால் ஏறிச் செல்லவேண்டிய உயரம். பேசுபவரின் இடுப்பளவுக்கு மறைக்கும் செதுக்கு வேலைப் பலகைகள். தலைக்கு மேலே ஒரு மரக்கவிகை. அந்தக் கவிகையை அரச குடை போன்ற அலங்காரம் என்று கருதுவோர் பலர். அது குடையன்று; கருவி. உயர்ந்த நடுக்கூரைக்குள் ஏறிச் சிதறவேண்டிய குரலைத் தடுத்துக் கீழே இருப்போரிடம் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. கட்டடக்காரன் உயரத்தை விரும்பினான். போதகருக்கு அந்த உயரம் பகையாயிற்று. தச்சன் இருவருக்குமிடையே ஒரு பலகையை வைத்துச் சமாதானம் செய்தான். இச்சிறு முரண்பாட்டிலே தெரியும் அறிவுக்கூர்மை தரையிற் பதித்த குலச்சின்னங்கள் அனைத்திலும் பார்க்கச் சுவையானது.

கேட்டல் நமக்கும் அந்நியமானதன்று. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபங்களிலே ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனம் நீண்ட காலம் நிலவியது. ஆயினும் பீடமேறி ஒருவர் தொடர்ந்து பேசுதலும் கூட்டம் வரிசையாக இருந்து கேட்டலும் தேவாலயத்திலிருந்தே சைவ மண்டபத்துக்கு வந்தன. 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் வசந்த மண்டபத்திலே ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கம் இவ்வகையில் நோக்கற்பாலது. அவருக்கு நேர் மாதிரியாயமைந்தோர் ஒல்லாந்தரல்லர். வெஸ்லியன், அமெரிக்க மிசனரிமாரே. ஆனால் அவர்களெல்லாரும் ஒரே தளபாடத்தின் மேல் நின்று பேசியவர்கள். சமயப் பகையின் நடுவிலே ஒரு மேடையமைப்பு பகைவரின் கையிலிருந்து கைக்கு மாறியது பற்றி நம் இலக்கிய வரலாற்று நூல்கள் அதிகம் பேசவில்லை. உரைநடை வளர்ந்ததைச் சொல்வோர் அந்த உரை ஒலித்த மண்டபத்தையும் சொல்லுதல் வேண்டும்.

இனி, கேட்பதற்குச் சமமான தூரத்தைத் தந்த கட்டடம் இருப்பதற்குச் சமமான இடத்தைத் தந்ததா என்பது வேறு வினா. தந்திலது. இவ்விடத்திற் சுவர்கள் சொன்னதைத் தளபாடங்கள் மறுத்துரைத்தன. ஒல்லாந்தச் சீர்திருத்தத் தேவாலயங்களின் பொது வழக்கின்படி, மூப்பரும் உதவிக்காரரும் பிரசங்கபீடத்தை அண்டிய தனி ஆசனங்களில் இருப்பர். அதிகாரிகளுக்கு உயர்ந்த, முதுகுப்பலகை உள்ள இருக்கைகள் உண்டு. பெண்கள் நடுவே கதிரைகளில் அமர்வர். குடியேற்றங்களிலே இவ்வொழுங்கின் மேற் கும்பனியின் பதவி ஏணியும் வந்து ஏறியது. வுல்வெண்டால் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1754 இல், பத்தேவியாவிலே மகாதேசாதிபதி யாக்கோப் மொசெல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை விதித்தார். வண்டியின் அலங்காரம், உடையின் பின்னல், வெளியே செல்லும்போது பின்தொடரக்கூடிய அடிமைகளின் தொகை ஆகியவை பதவிக்கேற்ப வரையறுக்கப்பட்டன. ஆடம்பரத்தை ஒழிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று. அதைப் படிநிலைப்படுத்துவதே நோக்கம். அத்தகைய சமுதாயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தன் வரிசைகளை வாயிலுக்கு வெளியே விட்டு வந்திருக்கும் என்று எண்ணுதற்கு இடமில்லை.

அக்கதிரைகளைப் பற்றி மேலும் சிறிது கூறல் தகும். ஆர். எல். புரோகியர் 1969 இல் இலங்கையின் ஒல்லாந்தர் காலத் தளபாடங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். கருங்காலி, முதிரை, கோடுகள் ஓடிய கலமாண்டர் மரம் ஆகியவற்றால் ஆன இக்கதிரைகளின் வடிவம் ஐரோப்பாவினது. மரம் இந்நாட்டுக் காட்டினது. செதுக்கியவர்களும் பெரும்பாலும் இந்நாட்டுக் கைவினைஞரே. மெத்தை தைத்த இருக்கை இவ்வெப்பத்துக்கு ஒவ்வாமையாற் பிரம்பு பின்னப்பட்டது. அதனாற் காற்று ஊடுருவியது. அமர்ந்தோருக்கு நீண்ட பிரசங்கமும் தாங்கக்கூடியதாயிற்று. பயன்பாடு வடிவத்தைத் திருத்திய முறைக்கு இது நல்ல சான்று. மொழியிலும் இவ்வாறே ஒரு திருத்தம் நிகழ்ந்துள்ளது. நாம் கதிரை என்கிறோம்; மேசை, அலுமாரி, யன்னல் என்கிறோம். இவை நான்கும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். பின்வந்த ஒல்லாந்தர் அந்தக் கதிரைகளையே தம் பாணியிற் செய்வித்தும் தமிழரின் வாயில் அவற்றின் பெயரை மாற்ற இயலவில்லை. அவர்கள் தந்து நிலைத்த சொற்களுள் ஒன்று கந்தோர். ஒரு சாதியார் வீட்டுப் பொருளையும் மற்றொரு சாதியார் அலுவலகத்தையும் மொழியில் விட்டுச் சென்றமை அவ்விருவரின் ஆட்சி இயல்பையும் ஓரளவு காட்டிவிடுகிறது.

வுல்வெண்டாலிலுள்ள மிகப் பெறுமதி வாய்ந்த பொருள் வெள்ளியாலான ஞானஸ்நானக் கிண்ணம். தேசாதிபதி றிக்லொவ் வான் கூன்ஸ் 1667 இல் தம் மகளின் ஞானஸ்நானத்தை ஒட்டி அன்பளிப்புச் செய்தது. அதாவது தேவாலயத்துக்கு அடிக்கல் இடப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. இத்தகைய நிலையைக் கொட்லாந்திலும் காணலாம். அங்கும் தொட்டி சில வேளைகளிற் கட்டடத்தினும் மூத்தது. ஆனால் அங்கே தொட்டி ஊரோடு இருந்தது. ஊரார் அதைச் சுற்றிப் பெரிய தேவாலயத்தைக் கட்டினர். இங்கு கிண்ணம் கோட்டைக்குள் இருந்த ஆட்சியாளரின் தேவாலயத்துக்கென அளிக்கப்பட்டது, பின்னர் இடம்பெயர்ந்தது. குழந்தைக்கு இடப்பட்ட பெயர் எஸ்தர் செய்லோனியா. தமிழ் மாணவர் இங்கு ஒருகணம் தரித்து நிற்க வேண்டும். 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய படையின் தலைவர் இதே வான் கூன்ஸ்தான். வென்ற தீவின் பெயரைத் தன் பிள்ளைக்கு இட்டு, அதனை வெள்ளியில் நினைவுறுத்திய தந்தையின் பாசத்தை எவரும் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அக்கிண்ணத்தை ‘அழகிய பழம்பொருள்’ என்று மட்டும் வருணித்துச் செல்வது அரைகுறை விமரிசனமாகும். பாசமும் உடைமையுணர்வும் ஒரே உலோகத்தில் உருகிய பொருள் அது.

கட்டடத்தின் பொருள் மாறிய நாள் என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமாயின் அது 1813 செப்டெம்பர் 4 ஆகும். 1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டைக்குள், பின்னாளிற் கோர்டன் பூங்காவாகிய இடத்திலிருந்த பழைய தேவாலயம் பாழடைந்தது. அதன் தரையின்கீழ் உறங்கிய தேசாதிபதிகளினதும் பிரமுகர்களினதும் எச்சங்களை எடுத்து, இரவிலே தீவட்டி ஒளியில் ஊர்வலமாக வுல்வெண்டாலுக்குக் கொண்டுவந்தனர். கல்லறைக் கற்களும் வந்து சேர்ந்தன. ஆட்சியிழந்த ஒரு சமூகம் தன் முன்னோரைத் தோளிற் சுமந்து மேட்டின் மேல் ஏறிய அக்காட்சி மனத்தை நெகிழ்விக்கக்கூடியதே. ஆயினும் கட்டடம் அன்று தன் தொழிலை மாற்றிக்கொண்டது. கேட்கும் கூடம் நினைவுகூரும் கூடமாயிற்று. மேலே இருந்து வந்த குரலை நோக்கியிருந்த கவனம் காலடியிற் கிடந்த கல்லை நோக்கித் திரும்பியது. லுடோவிசியும் லூயிசும் கண்டது அந்த இரண்டாவது வுல்வெண்டாலையே. அவர்களைக் குறைகூறுவதிற் பயனில்லை. ஆனால் இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டு, இது ஒல்லாந்தக் கனவான்களின் இடுகாடு என்று அடிக்கடி எழுதப்படும் எளிய வாசகத்தை மறுத்தே ஆகவேண்டும்.

அக்கற்களைப் பற்றியும் ஒரு சொல். ஒல்லாந்தர் கீழைத்தேயக் குடியேற்றங்களிற் பயன்படுத்திய கல்லறைக் கற்களுட் பல சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலங்களிற் சென்றவை. எழுத்து ஒல்லாந்த மொழி. சின்னம் ஐரோப்பியக் குலத்தினது. உளி பிடித்த கை நம் கரையினது. சொல்லின் பொருள் அறியாமலே அதன் வரிவடிவை வழுவின்றிக் கல்லில் எழுப்பிய அத்தச்சர்களின் பெயரை எந்தக் கல்லும் தாங்கவில்லை.

முதலாவது வுல்வெண்டாலில் ஒலித்தது யார் குரல்? கும்பனியின் சமய நிருவாகம் ஒல்லாந்த மொழியோடு நின்றுவிடவில்லை. போர்த்துக்கேயத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் போதிக்கக்கூடியோரை அது தேடியது. அவர்களைப் பயிற்றவே கொழும்புச் செமினரி இருந்தது. அச்செமினரியிற் கற்றவர் பிலிப்பு தெ மெல்லோ (1723–1790). கொழும்பிற் பிறந்த தமிழர். சுதேசிகளுள் முதன்முதலாக அச்சபையின் குருப்பட்டம் பெற்றவர் என அறியப்படுபவர். அவர் தமிழிற் பெயர்த்த புதிய ஏற்பாடு 1759 இற் கொழும்பிலேயே அச்சேறியது. தேவாலயம் திறந்து இரண்டு ஆண்டுகளின் பின்! கபுக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளிற் செமினரி வட்டாரத்திலே கிரேக்க மூலத்துக்கு ஏற்ற தமிழ்ச் சொல் தேடப்பட்டுக்கொண்டிருந்தது. இவ்விரு வேலைகளையும் தனித்தனி நூல்களிற் படிக்கும் நமக்கு அவை ஒரே ஆட்சியின், ஒரே நகரின், ஒரே பத்தாண்டின் வேலைகள் என்பது தோன்றுவதில்லை. கட்டட வரலாறு ஒரு துறையினதாகவும் மொழிபெயர்ப்பு வரலாறு வேறொரு துறையினதாகவும் பிரிந்து கிடப்பதால் நேர்ந்த இழப்பு இது.

தமிழ்க் குரலின் கதை கொழும்புக்கு முன்னரே வடக்கின் ஊர்களில் தொடங்கிற்று. 1658 ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பால்டேயஸ் தமிழ் கற்றவர். 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்த அவரது பெருநூலிலே தமிழ் எழுத்துக்களும் இலக்கணக் குறிப்பும் இடம்பெற்றன. யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுக்களின் தேவாலயங்களைக் காட்டும் செதுக்குப் படங்களும் அதில் உள்ளன. தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் பெயர்களை அம்ஸ்ரர்டாம் வாசகன் அப்படங்களின் கீழேதான் முதலிற் கண்டிருப்பான். அவை பெரும்பாலும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற கட்டடங்கள். புதியவர்கள் படிமங்களை நீக்கினர், பிரசங்கபீடத்தை வைத்தனர், வாரநாட்களில் அதே கூடத்திற் பிள்ளைகளை இருத்தி வினாவிடை படிப்பித்தனர். ஒல்லாந்து நாட்டின் பழைய தேவாலயங்களில் நடந்தேறியது நம் ஊர்களிலும் சிறிய அளவில் நடந்தேறியது. சங்கானையில் முருகைக்கற் சுவர்களும் வளைவுகளுமாகச் சிதைந்து நிற்கும் தேவாலயம் அவ்வகையின் எச்சமாகும். தீவின் நாட்டுப்புறத் தேவாலயம் என்ற சொற்றொடருக்கு நம் நாட்டில் உரிய பொருள் அந்தக் கூரையற்ற சுவர்களுக்கே முதலிற் பொருந்தும். அந்தக் கூடத்திற் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் பதவியையும் காணியுரிமையையும் எண்ணியே பெயர் பதிந்தனர் என்பதும், ஆட்சி மாறியவுடன் திரள் திரளாக நீங்கினர் என்பதும் யாவரும் அறிந்த செய்தி. கேட்கச் செய்தல் வேறு, ஏற்கச் செய்தல் வேறு.

மணியைப் பற்றிக் கூறாமல் விடமுடியாது. வுல்வெண்டாலுக்கு மணிக்கோபுரம் இல்லை. அதன் மணி மேட்டின் அடிவாரத்தில், பழைய நகரெல்லையாகிய கைமன் வாயிலிலே, தனிக்கூண்டில் தொங்கியது. கூண்டு இன்றும் புறக்கோட்டைக் கடைகளின் நடுவே நிற்கின்றது. கூட்டம் மதிலுக்குள் இருக்க, தேவாலயம் காட்டுப்புறத்தில் இருந்தமையால் அழைக்கும் குரல் மக்கள் இருந்த இடத்திலே வைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டிலும் செவிக் கணக்கே மேலோங்கி நிற்கின்றது. அம்மணி கோட்டேயிலிருந்த போர்த்துக்கேயத் தேவாலயம் ஒன்றுக்குரியது என்பது மரபு. யாழ்ப்பாணக் கோட்டைத் தேவாலயத்திலும் ஒல்லாந்தர் பயன்படுத்தியது, அற்புதங்களின் மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறித்த போர்த்துக்கேய மணியையே. படிமங்களை உடைத்தவர்கள் மணிகளை உடைக்கவில்லை. கண்ணுக்குரியதை அஞ்சினர்; காதுக்குரியதை எடுத்துக்கொண்டனர்.

கண்ணுக்குரிய அலங்காரம் ஒன்றை அவர்களும் கூரையின் உச்சியில் வைத்திருந்தனர். முடி தரித்து, ஒரு கையில் வாளும் மறு கையில் ஏழு அம்புகளும் ஏந்திய வெண்கலச் சிங்கம். ஏழு அம்புகள் ஒல்லாந்தின் ஏழு மாகாணங்கள். 1856 இல் இடி விழுந்து சிங்கம் அழிந்தது. நடுக்கூரையும் பெரிதும் சேதமுற்றது. அக்குடியரசு அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டது.

அயலிலே ஒப்பிடற்குரிய கட்டடங்கள் இரண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பேருருவாக எழத் தொடங்கிய புனித லூசியா பேராலயம் குவிமாடமும் தூண்முகப்பும் கொண்டு கண்ணை மீண்டும் அழைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலோ வேறொரு மரபின் காண்டல் நெறியைக் கொழும்பில் நிலைநாட்டிற்று. இவற்றுக்கு நடுவே வுல்வெண்டால் வறியதாகத் தோன்றும். அதனை வறுமை எனக் கொள்வது பிழை. பார்ப்பதற்கு எதையும் வைக்காதது அதன் கொள்கை. உயர்பதவிக் கதிரைகளையும் பின்னர் வந்த கற்களையும் நீக்கி எண்ணிப் பார்த்தால் எஞ்சும் வெள்ளைக் கூடம் இந்நகரிலே தன் நோக்கத்துக்கு மிக உண்மையாக நின்ற கட்டடங்களுள் ஒன்றாகும்.

அதன் மூத்த உடன்பிறப்பாகிய யாழ்ப்பாணத்துச் சிலுவைத் தேவாலயம் இன்று இல்லை. 1990 இல் கோட்டையைச் சூழ்ந்த போரிலே அது இடிந்தழிந்தது. 1706 முதல் நின்ற வளைவுகளும் தரைக்கற்களும் கற்குவியலாயின. அதன் கல்லறை வாசகங்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே அச்சேறியிருந்தமையால் அவற்றை இன்றும் வாசிக்கலாம். ஆனால் அக்கூடத்தில் ஒரு குரல் எவ்வாறு ஒலித்தது, எந்தக் கையில் எவர் இருந்தார், தமிழிற் போதனை நடந்தபோது யார் எங்கே அமர்ந்தனர் என்பவற்றை இனி எக்கல்லையும் தோண்டி அறிய இயலாது. வுல்வெண்டாலில் வழிபாடு இன்றும் நடக்கின்றது; பிரசங்கபீடமும் இருக்கைகளும் தத்தம் இடங்களில் உள்ளன. நம் பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய அவ்விடத்துக்கு அளவுகோலுடனும் குறிப்பேட்டுடனும் சென்று, கல்லறைகளையல்லாது இருக்கைகளை எண்ணி, அவற்றின் வரிசையை வரைந்து, நான்கு கைகளின் ஓரங்களிலும் நின்று குரல் எட்டும் அளவைப் பதிந்து வைப்பதற்கு வரலாற்றுத்துறை மாணவர் நால்வரும் தமிழ்த்துறை மாணவர் இருவரும் போதும்.